அளவுகோல் எட்டாத தருணங்கள்

விளையாட்டு, பொழுதுபோக்கு வரலாற்றில் மறக்கவே முடியாத தருணங்கள் எவை, ஆயிரக்கணக்கான சாதனைகளில் சில மட்டும் ஏன் தலைமுறை தாண்டியும் பேசப்படுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. பல வருடங்களாக இவற்றைத் தேடித் தேடிப் படித்தும் பார்த்தும் வந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நிலைத்து நின்ற தருணங்கள் பலவற்றில் ஏதோ ஒரு கருவி கைவிட்டிருக்கிறது. அளக்கும் கருவி எட்டவில்லை, பலகையில் இலக்கம் போதவில்லை, கேமரா அங்கே இல்லை, அல்லது நடந்தது பதிவேட்டின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கருவி விட்ட அந்த இடத்தை மனித ஞாபகம் எடுத்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். 1968 அக்டோபர் 18, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக், ஆண்கள் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டி. அமெரிக்க வீரர் பாப் பீமன் தன் முதல் தாண்டுதலுக்கு ஓடி வருகிறார். அவர் இறுதிப் போட்டிக்கு வந்ததே தட்டுத்தடுமாறித்தான். தகுதிச் சுற்றில் மூன்று வாய்ப்புகளில் இரண்டு, கோட்டைத் தாண்டி மிதித்ததால், ஃபவுல் ஆகிவிட்டது. அப்போது சக வீரர் ரால்ஃப் பாஸ்டன் அருகில் வந்து, கால் ஊன்றும் பலகைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பு, தகுதி பெற அதுவே போதும் என்று யோசனை சொன்னார். பீமன் அப்படியே செய்து தப்பினார். இந்த பாஸ்டன் யார் தெரியுமா? அப்போதைய உலக சாதனையான 8.35 மீட்டரைத் தன் பெயரில் வைத்திருந்த இருவரில் ஒருவர். தன் சாதனையை உடைக்கக்கூடிய ஆளுக்கு அவரே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கதையை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இறுதிப் போட்டியில் பீமன் தாண்டி மணலில் விழுந்தார். அந்தப் போட்டிக்கென்று தண்டவாளம் போன்ற சட்டத்தில் நகரும் ஒளியியல் அளவுக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். நடுவர் அதை நகர்த்திக்கொண்டே போனார், சட்டம் முடிந்துவிட்டது. பீமன் இறங்கிய இடம் அதற்கும் அப்பால் இருந்தது. அப்புறம் பழைய இரும்பு டேப்பைக் கொண்டுவரச் சொல்லி, கையால் அளந்து, மீண்டும் சரிபார்த்தார்கள். அறிவிப்புப் பலகையில் 8.90 என்று வந்தது. அடிக் கணக்கில் பழகிய பீமனுக்கு அது எவ்வளவு தூரம் என்று சட்டென்று விளங்கவில்லை. 29 அடியைத் தாண்டிவிட்டாய் என்று பாஸ்டன் சொன்னதும்தான் உறைத்தது. கால் துவண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்துவிட்டார்.

இந்த 8.90 எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 1935இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 8.13 மீட்டர் தாண்டினார். அதிலிருந்து 1968 வரை, 33 ஆண்டுகளில், உலக சாதனை கூடியது மொத்தமே 22 சென்டிமீட்டர். பீமன் ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் கூட்டினார். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்த ஊரின் மெல்லிய காற்று உதவியது உண்மை. பின்காற்றும் விதி அனுமதிக்கும் உச்சமான வினாடிக்கு 2 மீட்டரில் சரியாக நின்றது. ஆனால் அதே காற்றில்தான் மற்றவர்களும் தாண்டினார்கள். இரண்டாம் இடம் பிடித்தவரின் தூரம் 8.19. முடிந்தால் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, டேப்பால் 8.90 மீட்டர் அளந்து, மறுமுனையில் போய் நின்று திரும்பிப் பாருங்கள். அந்தக் கோட்டில் காலை ஊன்றிய ஒருவர் நடுவில் எங்கும் தரையைத் தொடாமல் உங்கள் காலடிக்கு வந்து விழுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். 1991இல் டோக்கியோவில் மைக் பவெல் 8.95 தாண்டும் வரை அந்தச் சாதனை நின்றது. பீமனே அதற்குப் பிறகு 8.22க்கு மேல் போனதில்லை.

எட்டு ஆண்டு கழித்து மாண்ட்ரியலில், 1976 ஜூலை 18 அன்று, ருமேனியாவின் 14 வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி, ஜிம்னாஸ்டிக்ஸில் சமமற்ற உயரத்தில் இருக்கும் இரு கம்பிகளில் ஆடி இறங்கினாள். பலகையில் தெரிந்தது 1.00. அரங்கத்துக்கு ஒன்றுமே புரியவில்லை. மதிப்பெண் பலகையில் தசமப் புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒலிம்பிக்கில் முழுதாகப் பத்து யாரும் வாங்கப்போவதில்லை என்ற எண்ணத்தில் செய்த பலகை. 10.00 காட்ட வழியில்லாமல் அது 1.00 காட்டியது. ஒலிபெருக்கியில் விளக்கம் வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. அந்த ஒலிம்பிக்கில் அவர் மொத்தம் ஏழு முறை பத்து வாங்கினார். இன்றைக்கும் அந்தச் சிறுமியை நினைத்தால் கண்முன் வருவது பத்து இல்லை, அந்த 1.00தான். 2006இல் மதிப்பெண் முறையையே மாற்றிவிட்டதால், சர்வதேசப் போட்டிகளில் இப்போது அந்தப் பழைய பத்து கிடையாது.

சரி, கருவி சரியாக வேலை செய்த தருணங்களே நிலைக்கவில்லையா? நிலைத்திருக்கின்றன. 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானம், ஒரு மைல் ஓட்டம். மருத்துவ மாணவர் ரோஜர் பேனிஸ்டர் அன்று காலை மருத்துவமனைக்குப் போய், அங்கே ஆய்வகத்தில் இருந்த சாணைக்கல்லில் தன் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டு ரயில் ஏறினார். காற்று பலமாக வீசியதால் ஓடலாமா வேண்டாமா என்று கடைசி வரை குழப்பம். கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் மாறி மாறி முன்னே ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். ஓட்டம் முடிந்தது. அறிவிப்பாளர் நாரிஸ் மெக்வர்ட்டர் நேரத்தைச் சட்டென்று சொல்லவில்லை. மைதான சாதனை, தேசிய சாதனை, ஐரோப்பிய சாதனை, உலக சாதனை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் "மூன்று..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் எதுவும் யார் காதிலும் விழவில்லை. மீதியைக் கூட்டத்தின் சத்தம் விழுங்கிவிட்டது. முழு நேரம் 3 நிமிடம் 59.4 வினாடி. நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர்.

இதைப் பற்றி ஒரு தவறான கதை பரவலாக உலவுகிறது. முடியவே முடியாது என்ற மனத்தடையைப் பேனிஸ்டர் உடைத்ததும் ஒரே வருடத்தில் ஏகப்பட்ட பேர் நான்கு நிமிடத்துக்குள் ஓடிவிட்டார்கள் என்று தன்னம்பிக்கைப் பேச்சுகளில் சொல்வார்கள். அடுத்த ஓராண்டில் அதைச் செய்த வேறொருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி மட்டும்தான். 46 நாள் கழித்து ஃபின்லாந்தில் 3:58.0 ஓடிப் பேனிஸ்டரின் சாதனையையே முறியடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். கடைசி வளைவில் முன்னால் ஓடிய லாண்டி, பேனிஸ்டர் எங்கே என்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் வலப்பக்கமாகப் பேனிஸ்டர் கடந்து போய்விட்டார். அந்தத் திரும்பலை அப்படியே வெண்கலச் சிலையாக வான்கூவரில் வைத்திருக்கிறார்கள். உழைப்பையும் உடம்பையும் பற்றிய இந்த உண்மைக் கதை, மனத்தடைக் கதையைவிட எவ்வளவோ மேலானது.

கருவி மனிதக் கண்ணைவிடக் கூர்மையாக இருந்ததால் வலித்த தருணம் ஒன்று உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது. பி.டி. உஷா 55.42 வினாடி. வெண்கலம் வென்ற ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. அந்த வேகத்தில் நூறில் ஒரு வினாடி என்பது சுமார் 7 சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம்கூட வராது. நேரில் பார்த்த கண்ணுக்கு இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். எல்லைக் கோட்டுப் புகைப்படம்தான் பிரித்துக் காட்டியது. உஷாவை நினைப்பவர்கள் அதே ஓட்டத்தில் தங்கம் வென்ற மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கிலையும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. அரபு நாடுகளிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்.

இனி கேமராவே இல்லாத தருணங்கள். 1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம், உலகக் கோப்பையில் இந்தியாவும் ஜிம்பாப்வேயும். கவாஸ்கரும் ஸ்ரீகாந்தும் ரன் எடுக்காமலேயே ஆட்டமிழக்க, இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட், பிறகு 17க்கு 5. அங்கிருந்து கபில் தேவ் 138 பந்தில் 175 ரன், ஆட்டமிழக்காமல். 16 பவுண்டரி, 6 சிக்ஸர். அப்போது ஒருநாள் போட்டிகளில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன் அதுதான். அன்று அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை, காணொளியும் இல்லை. அன்றைக்கு அந்தச் சின்ன மைதானத்தில் இருந்தவர்களைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. ஏழே நாள் கழித்து லார்ட்ஸில் நடந்த இறுதிப் போட்டியின் ஒவ்வொரு விக்கெட்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். 175ஐ மட்டும் ஸ்கோர் அட்டையிலிருந்துதான் கட்டி எழுப்ப வேண்டும்.

அந்த அட்டையை நிதானமாகப் படித்துப் பாருங்கள், நிறையக் கிடைக்கும். எட்டாவது விக்கெட் விழும்போது ஸ்கோர் 140. அடுத்து வந்தவர் கிர்மானி. இருவரும் பிரியாமல் சேர்த்தது 126, அதில் கிர்மானியின் பங்கு 24. அவர் எடுத்த அந்த 24ஐவிட, மறுமுனையில் விழாமல் நின்ற நேரம்தான் பெரிது. இந்தியா 60 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 266. ஜிம்பாப்வேயின் கெவின் கரன் 73 அடித்துக் கடைசி வரை பயம் காட்டினார், வெற்றி வெறும் 31 ரன்னில்தான். கபிலின் ஒவ்வொரு அடியையும் ஒளிப்பதிவில் பார்க்க முடிந்திருந்தால் இந்தக் கிர்மானியை இவ்வளவு கவனித்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

கூடைப்பந்திலும் இதே மாதிரி ஒன்று. 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரம். வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். பிலடெல்பியா 169, நியூயார்க் 147. தொலைக்காட்சிக் கேமரா இல்லை, பார்வையாளர் கணக்கு 4,124 பேர். வழக்கமாகத் தனி வீச்சில் (ஃப்ரீ த்ரோ) சொதப்புகிறவர் அன்று 32இல் 28ஐ உள்ளே போட்டார். மிஞ்சியவற்றில் முக்கியமானவை கடைசிக் கால் பகுதியின் வானொலி வர்ணனை, அப்புறம் ஒரு புகைப்படம். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளைக் கையில் பிடித்திருக்கிறார். அணியின் விளம்பரப் பொறுப்பாளர் அவசரமாக அதில் 100 என்று எழுதிக் கொடுத்திருந்தார். கூடைப்பந்து வரலாற்றின் மிகப் பெரிய இரவுக்குச் சாட்சி அந்த ஒற்றைத் தாள்.

பொழுதுபோக்குக்கு வருவோம். இங்கே கேமரா இருந்தும் இழந்தவைதான் அதிகம். முதல் தமிழ்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளியானது, டி.பி. ராஜலட்சுமி நாயகி. அதே ஆண்டு மார்ச்சில் பம்பாயில் வெளியான 'ஆலம் ஆரா' இந்தியாவின் முதல் பேசும் படம். இரண்டுக்குமே இன்று பிரதி கிடையாது. இது உலகம் முழுக்க நடந்த இழப்பு. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை எடுத்த மௌனப் படங்களில், எடுத்த வடிவத்திலேயே தப்பியவை 14 சதவீதம் மட்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் கணக்கு வெளியிட்டது. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் மக்கிப் பொடியாகும். ஓடி முடித்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அப்போது பெரும்பாலோருக்குத் தோன்றவுமில்லை.

ஆவணம் குறைவாக இருக்கும் இடத்தில் ஞாபகம் தானாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. 1895 டிசம்பர் 28, பாரிஸின் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். வந்தவர்கள் 33 பேர், காட்டியது பத்துக் குட்டிப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். திரையில் ரயில் வருவதைப் பார்த்து அன்று மக்கள் அலறி ஓடினார்கள் என்று நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அந்த ரயில் படம் அன்றைய நிகழ்ச்சியில் இல்லவே இல்லை. பின்னால் காட்டியபோதும் யாரும் எழுந்து ஓடியதற்கு உருப்படியான சான்று கிடையாது. 1938 அக்டோபர் 30 இரவு ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய செவ்வாய்க்காரர் படையெடுப்பு நாடகமும் இப்படித்தான். நாடே பீதியில் தெருவுக்கு ஓடி வந்தது என்பது மறுநாள் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தியது. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த நேரத்தில் பெரும்பாலான நேயர்கள் வேறொரு நிலையத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டு போன காலம் அது. வானொலியை நம்பக்கூடாது என்று காட்டப் பத்திரிகைகளுக்கு நல்ல காரணம் இருந்தது.

பொய் கலக்காமலே பிரமிக்க வைப்பதும் இருக்கிறது. 1972 ஏப்ரலில் சார்லி சாப்ளினுக்கு ஆஸ்கர் மேடையில் கௌரவ விருது கொடுத்தார்கள். 1952இல் அவர் அமெரிக்காவிலிருந்து வெளிநாடு கிளம்பியதும், திரும்பி வரும் அனுமதியை அந்நாட்டு அரசு ரத்து செய்துவிட்டது. இருபது வருடம் கழித்து, 82 வயதில், அதே நாட்டு மேடையில் ஏறியபோது அரங்கம் எழுந்து நின்று 12 நிமிடம் கைதட்டியது. திரையில் பேசாமலே உலகைச் சிரிக்க வைத்த மனிதர், அன்று பேச முயன்றும் வார்த்தை வராமல் தவித்தார். அந்த ஒளிப்பதிவை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

கடைசியாக, பதிவேட்டுக்குள் அடங்காத இரண்டு ஓட்டங்கள். 1908 ஜூலை 24, லண்டன் ஒலிம்பிக் மாரத்தான். இத்தாலியின் மிட்டாய் செய்யும் தொழிலாளி டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். உடம்பில் ஒரு துளி பலம் மிச்சமில்லை. தவறான திசையில் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், திரும்பத் திரும்ப விழுந்தார். கடைசி 350 மீட்டருக்குச் சுமார் பத்து நிமிடம் ஆனது. பொறுக்க முடியாமல் நடுவர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். உதவி பெற்றதால் அவர் தகுதி இழந்தார். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது, 2 மணி 55 நிமிடம் 18.4 வினாடி. மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா பியெத்ரியை அழைத்துப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். மாரத்தானுக்கு இன்று இருக்கும் 42.195 கிலோமீட்டர் என்ற தூரமும் அந்த ஓட்டத்திலிருந்து வந்ததுதான்.

84 ஆண்டு கழித்து, 1992 ஆகஸ்ட் 3, பார்சிலோனா. 400 மீட்டர் அரையிறுதி. பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட் நான்கு ஆண்டு முன்பு சியோல் ஒலிம்பிக்கில் தன் ஓட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது குதிகால் தசைநாண் காயத்தால் விலகியவர். அதன்பிறகு பல அறுவைச் சிகிச்சைகள். இந்த முறை பாதித் தூரம்கூட ஓடியிருக்க மாட்டார், தொடையின் பின்தசை கிழிந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்களை வேண்டாமென்று விலக்கிவிட்டு, ஒற்றைக் காலில் தன் தடத்திலேயே தத்தித் தத்திப் போனார். அவர் அப்பா ஜிம், பார்வையாளர் பகுதியிலிருந்து காவலர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்து மகனின் தோளைத் தாங்கிக்கொண்டார். மகன் அப்பா தோளில் முகம் புதைத்து அழுதார். இடையில் தடுக்க வந்த ஒவ்வொரு அதிகாரியையும் அப்பா கையை வீசித் துரத்தியது அந்தக் காணொளியில் தெளிவாகத் தெரியும். வெட்டிச் சுருக்கிய துணுக்குகளில் அது பெரும்பாலும் இருக்காது, முழுசாகத் தேடிப் பாருங்கள். அதிகாரபூர்வ முடிவில் ரெட்மண்ட் அந்த ஓட்டத்தை முடித்ததாகவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அதே தடத்தில் இறுதிப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் குவின்சி வாட்ஸ் 43.50 வினாடியில், ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். அதையும் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகான ஓட்டம்.